முதல் காமிரா வாங்குமுன்

ஊரை விட்டு வந்து வாழும் குடும்பத்துக்குப் புகைப்படம் எடுப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அது ஒருவகைக் கடமையும் ஆகும். கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் தாத்தாவும் பாட்டியும் பேரனின் ஆண்டு நிறைவையும், பேத்தியின் அரங்கேற்றத்தையும், லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டில் நாம் வைக்கும் கொலுவையும் பெரும்பாலும் படத்தில்தான் காண்கிறார்கள். இதற்குக் கைபேசியே போதும் என்பார் பலர். பகல் வெளிச்சத்தில் போதும் என்பது மெய்யே. ஆனால், பத்தாவது வரிசையில் அமர்ந்து மேடையில் ஆடும் குழந்தையைப் படம் பிடிக்கும்போது கைபேசி நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அப்போதுதான் டி.எஸ்.எல்.ஆர். காமிராவைப் பற்றிய பேச்சு வீட்டில் எழுகிறது. பல மாதச் சேமிப்பைக் கேட்கும் பொருளாதலால், வாங்குமுன் ஆராய்வது நலம்.

கருவியின் இயல்பு

இக்காமிராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியை, 45 பாகைச் சாய்வில் நிற்கும் கண்ணாடி ஒன்று மேல்நோக்கித் திருப்புகிறது. அவ்வொளியே நம் கண்ணை வந்தடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்க, ஷட்டர் திறந்து, பின்னாலுள்ள சென்சாரில் படம் பதிகிறது. 1991-ல் கோடக் நிறுவனம் நிக்கான் எஃப்3 காமிராவைக் கொண்டு இவ்வகையில் முதல் விற்பனைக் கருவியைச் செய்தது. 1999-ல் நிக்கான் டி1 வந்தது. 2003-ல் வந்த கேனான் 300டி, இதனை நடுத்தரக் குடும்பங்களின் அருகில் கொணர்ந்தது.

2018-ல் நிக்கானும் கேனானும் கண்ணாடியில்லாத புது வரிசைகளைத் தொடங்கின. அது முதல் அவற்றின் கவனம் அப்பக்கமே சாய்ந்துவிட்டது. இதனால் நமக்கு நஷ்டம் என்று எண்ண வேண்டாம். புதியதற்கு மாறுவோர் விற்றுச்செல்லும் நல்ல காமிராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மின்கலச் செலவும் இவற்றில் குறைவு: நிக்கான் டி3500 ஒரு தடவை மின்னேற்றினால் சுமார் 1,550 படங்கள் எடுக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

உடலா, லென்ஸா?

கடைக்குச் செல்வோர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிக்ஸல்?" என்பதே. கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. நாம் எடுக்கப்போவது எவ்வளவு இருட்டில், எவ்வளவு தூரத்தில் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு விடை தருவது காமிராவின் உடல் அன்று, லென்ஸே.

காமிராவுடன் வழக்கமாகக் கொடுக்கப்படும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸ், அதன் நீண்ட முனையில் எஃப்/5.6 அளவுக்கே திறக்கும். தனியே வாங்கும் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸோ அதனினும் ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. லென்ஸ்களில் விலை மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. அரங்கேற்றத்தில் அபிநயம் மங்காமல் விழ வேண்டுமானால், உடலில் ஒருபடி இறங்கி, மிச்சப் பணத்தை இத்தகைய லென்ஸில் இடுவதே அறிவுடைமை. எனினும், சிறிய அறையில் ஒன்பது படிக் கொலுவை எடுக்க 50 மில்லிமீட்டர் உதவாது. பின்னால் நகரச் சுவர் இடம் தராது. அங்கே 18 மில்லிமீட்டர் முனையே தேவை. பொம்மைகள் அசைவதில்லையாதலால், முக்காலியில் காமிராவை நிறுத்தி நிதானமாக எடுக்கலாம்.

நிக்கான் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. டி3500, டி5600 போன்ற சிறிய உடல்களில் லென்ஸின் குவியத்தைத் திருப்பும் மோட்டார் இல்லை. 'ஏ.எஃப்.' என்று மட்டும் பொறித்த பழைய லென்ஸை மலிவாயிருக்கிறதென்று வாங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்பியே குவிக்க வேண்டிவரும். 'ஏ.எஃப்.-எஸ்.' என்று பொறித்தவை தாமே குவியும். 1987-ல் தொடங்கிய கேனானின் இ.எஃப். வரிசையில் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு. பிற்காலத்தில் கண்ணாடியில்லாக் காமிராவுக்கு மாறினாலும், இணைப்பு வளையம் கொண்டு இந்த லென்ஸ்களை அதிலும் பயன்படுத்தலாம்.

மெட்ரோ சந்தில்

நம் நகரத்தில் காமிரா என்றதும் எல்லோரும் சுட்டும் இடம், எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டிய 'மெட்ரோ கலி'. புதியதும் பழையதும் அங்கே விலைக்கு வருகின்றன. 'தாதா' என்று அன்போடு பேரம் பேசுவது தவறில்லை; ஆனால் பேரத்துக்கு முன் பரிசோதனை நடக்க வேண்டும்.

பகல் வேளையில், நம் சொந்த மெமரி கார்டுடன் செல்லுதல் நன்று. லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் விளக்கைப் பிடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை. அதனைத் தொடாமல் வைத்துவிடுங்கள். பிறகு எஃப்/16 அளவில் வெளிர்ந்த வானத்தை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் இருப்பின் சென்சாரில் தூசி உண்டு. செய்தித்தாளைச் சாய்த்து வைத்து ஒரு வரியைக் குறிவைத்து எடுங்கள். அவ்வரி மங்கி, முன்வரியோ பின்வரியோ தெளிந்தால் குவியம் பிசகியிருக்கிறது. ஷட்டர் எத்தனை தடவை இயங்கியது என்பதையும் அறிய வேண்டும். நிக்கானில் அந்த எண் படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். டி3500 போன்ற உடலின் ஷட்டர் 1,00,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. எண்பதாயிரம் கடந்த காமிராவுக்கு இருபதாயிரம் எடுத்ததன் விலையைக் கொடுப்பானேன்?

இறுதியாக, ரசீது. காமிராவின் அடியிலுள்ள வரிசை எண் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புதியதானால், இந்தியாவில் செல்லும் உத்தரவாதச் சீட்டும் வேண்டும். ரசீதில்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருவதாகக் கூறும் இடத்தில், பழுது வந்தபின் பேச ஆள் இராது.

ஈரமும் அந்துருண்டையும்

வாங்கியதோடு வேலை முடியவில்லை. வங்காளத்து மழைக்காலம் லென்ஸுக்குப் பகை. ஆனி முதல் புரட்டாசி வரையிலுள்ள ஈரக்காற்றில், மூடிய தோலுறைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை எளிதில் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துவதே மருந்து. பத்திரமென்று கருதிப் பட்டுப்புடவை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அந்துருண்டையின் ஆவியும் கற்பூரத்தின் ஆவியும் காமிராவுக்கு ஆகா.

படங்களைக் காப்பதும் காமிராவைக் காப்பது போன்றதே. மெட்ரோ சந்துக்குச் சிறிது தொலைவிலேதான் 1860-களில் கல்கத்தாவில் தொழில் தொடங்கிய போர்ன் அண்ட் ஷெப்பர்ட் நிலையம் இருந்தது. 1991-ல் மூண்ட தீ, தலைமுறைகளாக அங்கே சேர்த்துவைத்த படச் செல்வத்தில் பெரும்பகுதியை அழித்தது. 2016-ல் நிலையமும் மூடப்பட்டது. அத்தனை பெரிய நிலையத்துக்கே அக்கதி என்றால், ஒரே கணினியில் கிடக்கும் நம் குழந்தைகளின் படங்களுக்கு என்ன காவல்? பிரதிகள் இரண்டேனும் வேண்டும். அவை ஒரே கூரையின் கீழ் இருத்தல் கூடாது. நமக்கோ இங்கே ஒரு வீடும் ஊரில் ஒரு வீடும் உண்டு. ஆகவே காமிராவுக்கென்று ஒதுக்கும் பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்குகளுக்கும் சிறிது ஒதுக்குங்கள். ஒன்று இங்கிருக்கட்டும், மற்றொன்று கோடை விடுமுறையில் ஊருக்குப் பயணமாகட்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களையேனும் காகிதத்தில் அச்சிட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். கண் மங்கிய பாட்டி கையில் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கக் கூடியது அதுதான்.