கொள்முதல் செயலிக்கு எந்த டேப்லெட் வாங்கலாம்? தராசைப் பார்த்து முடிவு செய்யுங்கள்!

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பலவற்றில் இப்போது கொள்முதலுக்கென்று தனிச் செயலி தயாரிக்கும் பேச்சு நடக்கிறது. உறுப்பினர் கொண்டுவரும் நிலக்கடலையோ மக்காச்சோளமோ எடை போட்ட உடனே பதிவாக வேண்டும், ரசீது கையில் கிடைக்க வேண்டும், பணம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் இயக்குநர் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "ஐபேடா, ஆண்ட்ராய்டா, விண்டோஸா?" என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அதற்கு விடை சொல்பவர், குளிர்சாதன அறையில் செயல்விளக்கம் காட்ட வந்த மென்பொருள் விற்பனையாளர்.

2020 பிப்ரவரி 29-ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கான மத்தியத் திட்டத்தில், ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவாக மூன்று ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அதில் சம்பளம், வாடகை போக மிஞ்சுவதில்தான் இதைச் செய்ய வேண்டும். தவறான டேப்லெட்டுக்குச் செயலி எழுதிவிட்டால், அதைத் திருத்தி எழுத இன்னொரு முறை பணம் வராது.

எனவே அந்தக் கேள்வியைக் கூட்ட அறையில் கேட்காமல், கொள்முதல் நடக்கும் களத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

தராசு பேசும் மொழி

செயலி வேண்டும் என்பதற்கு முக்கியக் காரணமே எடையைக் கையால் எழுதக் கூடாது என்பதுதான். ஒரு மூட்டைக்கு அரை கிலோ பிசகினால், 200 மூட்டையில் 100 கிலோ. அது உறுப்பினருக்கு நட்டமாகப் போகலாம், நிறுவனத்துக்கும் போகலாம். எப்படிப் போனாலும் அடுத்த பருவத்தில் அவர் பழைய வியாபாரியிடமே போய்விடுவார். ஆகவே எலக்ட்ரானிக் தராசு காட்டும் எடை நேராகச் செயலிக்குள் வர வேண்டும்.

சந்தையில் கிடைக்கும் எடைத் தராசுகளும் சிறிய ரசீது பிரிண்டர்களும் ப்ளூடூத் இருப்பதாகச் சொல்லியே விற்கப்படுகின்றன. ஆனால் ப்ளூடூத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய வகையான கிளாசிக் ப்ளூடூத். மற்றொன்று, மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்இ வகை. விலை குறைந்த கருவிகள் பலவும் பழைய வகை. ஆண்ட்ராய்டு டேப்லெட் இரண்டுடனும் பேசும். ஐபேடில் பழைய வகைக் கருவியிடமிருந்து ஒரு செயலி எடை விவரத்தை வாங்க வேண்டுமானால், அந்தக் கருவி ஆப்பிள் நிறுவனத்தின் எம்எஃப்ஐ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். நம் ஊர்த் தராசுக் கடையில் அப்படி ஒன்றைத் தேடிப் பாருங்கள், சிரமம் புரியும். பிஎல்இ தராசாக இருந்தால் ஐபேடிலும் பிரச்சினை இல்லை.

கம்பி வழியாக இணைப்பது இன்னும் நம்பகமானது. தராசின் பின்புறம் ஆர்எஸ்-232 என்ற துளை இருந்தால், அதற்கான யுஎஸ்பி மாற்றுக் கம்பியைப் போட்டு ஆண்ட்ராய்டிலோ விண்டோஸிலோ இணைக்கலாம். ஆண்ட்ராய்டில் இந்த வசதி 2011-ல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் எல்லா டேப்லெட்டும் இதற்கு இடம் கொடுப்பதில்லை; வாங்கும் முன் மாட்டிப் பார்த்துவிடுங்கள். அந்தத் துளை இல்லாத தராசைத் திறந்து கம்பி பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். தராசில் உள்ள அரசு முத்திரை உடைந்தால் அந்தத் தராசை வைத்துக் கொள்முதல் செய்யவே முடியாது. மறுபடி முத்திரை ஆய்வாளரிடம் போக வேண்டும்.

எடை நின்ற பிறகே செயலி அதை எடுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் எண் மாறும். தராசு இணைப்பு அறுந்து, கையால் எடையைத் தட்டச்சு செய்ய நேர்ந்தால் ரசீதில் 'கைப்பதிவு' என்று அச்சாக வேண்டும். எல்லா இயங்குதளத்துக்கும் இது பொது.

ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. சிறிய தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. செயலி ரசீதை ஒரு படமாக மாற்றி அனுப்பினால்தான் தமிழில் அச்சாகும். விற்பனையாளர் ஆங்கில ரசீதைக் காட்டிவிட்டு, தமிழும் வரும் என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். 'ஸ்ரீ', 'கொ', 'னை' எல்லாம் வரும் ஒரு பெயரைக் கொடுத்து அங்கேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத களம்

கொள்முதல் மையத்தில் சிக்னல் வரும் போகும். செயலி, பதிவை முதலில் டேப்லெட்டிலேயே சேமித்து, இணையம் கிடைக்கும்போது அனுப்ப வேண்டும். மூன்று இயங்குதளத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் செலவைக் குறைக்கச் சிலர் செயலிக்குப் பதில், உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாகச் செய்து, எந்தக் கருவியிலும் ஓடும் என்பார்கள். இங்கே கவனம் தேவை. ஐபேடின் சஃபாரி உலாவியில், மற்ற பக்கங்களைப் பார்த்துக்கொண்டே அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஏழு நாள் தொடாமல் விட்டால், அது டேப்லெட்டில் சேமித்துவைத்த விவரங்கள் அழிக்கப்படும். பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துவைத்தால் தப்பிக்கலாம். மழையில் பத்து நாள் கொள்முதல் நின்று, அனுப்பாமல் கிடந்த பதிவுகள் காணாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? மேலும் சஃபாரி உலாவி வழியாக ப்ளூடூத் தராசை இணைக்கவும் முடியாது.

இரண்டு மையங்களில் இரண்டு டேப்லெட் இணையம் இல்லாமல் வேலை செய்தால் இரண்டும் ஒரே ரசீது எண்ணைப் போட வாய்ப்புண்டு. ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் ஒரு முன்னெழுத்து கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உறுப்பினரைப் பெயரால் தேடாமல் உறுப்பினர் எண்ணால் தேடும்படி செய்யச் சொல்லுங்கள். ஒரே ஊரில் நான்கு முருகேசன் இருப்பது நமக்குத் தெரியும், செயலி எழுதுபவருக்குத் தெரியாது.

வெயிலும் தூசியும்

ஐபேடைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும் என்கிறது ஆப்பிள். சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் அது எப்போதோ தாண்டியிருக்கும். சூடு ஏறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் ஆறும் வரை வேலை செய்யாது. சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட்டும் இதில் பெரிய வீரன் இல்லை. களத்துக்கென்றே செய்த வகைகள் ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் கிடைக்கின்றன. உதாரணமாக, சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ் 5, தூசியும் நீரும் புகாத ஐபி68 தரம் கொண்டது. அதன் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். விலை அதிகம்தான். எல்லா மையத்துக்கும் வேண்டாம். திறந்த வெளியில் எடை போடும் இடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

வயலை அளந்து வரைபடத்தில் குறிக்கும் வசதியும் செயலியில் உண்டா? அப்படியானால் வைஃபை மட்டும் உள்ள ஐபேடை வாங்காதீர்கள். அதில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் போடும் வகையில்தான் உண்டு. விலை குறைந்த சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் இருக்காது. பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

அப்படியானால் ஐபேடே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் விதைப்பு, அறுவடை விவரங்களை டிராக்டரிலேயே காட்டும் கிளைமேட் ஃபீல்ட்வியூ செயலி நீண்ட காலம் ஐபேடை நம்பியே ஓடியது. அங்கே டிராக்டருக்குக் குளிர்சாதன அறை உண்டு, இணைக்கும் கருவியையும் அந்த நிறுவனமே தருகிறது. உங்கள் நிறுவனம் காய்கறி, மாம்பழம் ஏற்றுமதி செய்து, சிப்பம் கட்டும் கூடத்துக்குள் தரப் பரிசோதனையைப் படத்துடன் பதிவு செய்வதாக இருந்தால் ஐபேட் நன்றாகவே உழைக்கும். வாங்கிய பிறகு பல ஆண்டுகளுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவதில் மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் அதன் அருகில் வராது.

ஆனால் ஐபேடுக்குச் செயலி எழுத, எழுதுபவரிடம் ஆப்பிளின் மேக் கணினி வேண்டும். ஆப்பிளில் செயலி வெளியிடும் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர். கூகுள் பிளே ஸ்டோரில் ஒரே முறை 25 டாலர். ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்றவற்றில் ஒரு முறை எழுதினால் இரண்டிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் தராசும் பிரிண்டரும் இணையும் பகுதியை இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். நம் செயலியில் தகராறு பண்ணுவதும் அந்தப் பகுதிதான்.

விண்டோஸ் டேப்லெட், எடை மேடை உள்ள அலுவலகத்துக்குப் பொருந்தும். கணக்கு ஏற்கெனவே டேலியில் இருக்கும், தராசுக் கம்பியும் நேராக மாட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், விலை மலிவு என்று அந்தப் பழைய சரக்கை வாங்கிப் போடாதீர்கள்.

ஆக, மூட்டையை எடை போட்டு ரசீது கொடுக்கும் வேலைதான் பெரிது என்றால் என் பரிந்துரை ஆண்ட்ராய்டு. அதிலும் ஒரே மாடலில் எல்லா மையத்துக்கும் வாங்குங்கள், கூடுதலாக ஒன்றை அலுவலகத்தில் வையுங்கள்.

யார் பெயரில் இருக்கிறது?

டேப்லெட் எதுவானாலும் இதில் ஏமாந்துவிடக் கூடாது. செயலி வெளியிடும் கணக்கை மென்பொருள்காரர் தன் பெயரில் திறந்துகொள்வார். பிறகு அவருடன் மனக்கசப்பு வந்தால், அந்தச் செயலியில் ஓர் எழுத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது. கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில், நிறுவன மின்னஞ்சலில் இருக்கட்டும். மூல நிரலும் உங்களிடம் வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

டேப்லெட்டில் நுழையும் கணக்கும் அப்படியே. கொள்முதல் பையன் தன் சொந்த ஜிமெயில் கணக்கைப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனால், டேப்லெட்டை முழுவதும் அழித்துத் திறந்தாலும் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஐபேடிலும் ஆப்பிள் கணக்குக்கு இதே கதி. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு, நம் பொருளையே நமக்குப் பூட்டிவிடும்.

இயங்குதளமே மறைந்துபோவதும் உண்டு. ஹெச்பி நிறுவனம் 2011 ஜூலை 1-ல் டச்பேட் என்ற டேப்லெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்து, ஆகஸ்ட் 18-ல், ஏழே வாரத்தில் கைவிட்டது. அதற்கென்று செயலி எழுதியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொள்முதல் விவரம் முழுவதையும் எக்செல்லில் திறக்கும்படி வாரம் ஒரு முறை எடுத்துவைக்கும் பொத்தான் உங்கள் செயலியில் இருந்தால், எந்த டேப்லெட் போனாலும் உறுப்பினர் கணக்கு போகாது.

முழுத் தொகையையும் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு மையத்தில் ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்திலேயே பழைய நோட்டிலும் எழுதிவாருங்கள். தினமும் மாலையில் நோட்டுக் கூட்டலும் செயலிக் கூட்டலும் எங்கே வேறுபடுகின்றன என்று கணக்காளரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மென்பொருள்காரரிடம் அடுத்த தவணை பேசும்போது அந்த நோட்டை மேசை மேல் வைத்துப் பேசலாம்.