முதலாளியின் ஆசனம்

ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் மகாநாட்டுக்கு ஒவ்வொரு தேசமும் ஸர்க்கார் சார்பில் இருவரையும், முதலாளிகள் சார்பில் ஒருவரையும், தொழிலாளர் சார்பில் ஒருவரையும் அனுப்புகிறது. அதன் நிர்வாக சபையில் 1951 முதல் 1989ல் காலமாகும் வரை முதலாளிகளின் பிரதிநிதியாக வீற்றிருந்தவர் நவல் டாட்டா. இளமையில் தந்தையை இழந்து, அநாதை விடுதியில் வளர்ந்து, பின்னர் டாட்டா குடும்பத்துக்கு ஸ்வீகாரம் சென்றவர் அன்னார். வறுமையை அறிந்தவர் முதலாளிகளுக்காகப் பேச நேர்ந்தது தேசத்தின் பாக்கியமே.

நிற்க. பொதட்டூர்பேட்டையில் நான்கு விசைத்தறிகளை வைத்துக்கொண்டு, மனைவி தார் சுற்ற, தாமும் நெய்து, ஓர் ஆளுக்குக் கூலியும் கொடுப்பவரை எந்த ஆசனத்தில் அமர்த்துவது? நூலையும் நெசவுக் கூலியையும் வியாபாரியிடம் எதிர்பார்த்து நிற்கும் அவர் முதலாளியா, தொழிலாளியா?

குறைந்தபட்சக் கூலி நிர்ணயக் கமிட்டிகளில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டுமென்று 1948ம் வருஷத்துச் சட்டமே விதித்தது. 2019ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்விதியைக் கைவிடவில்லை. எண்ணிக்கை சமமானால் மட்டும் போதுமா? முதலாளிகளுக்குரிய ஆசனங்கள் அனைத்திலும் ஆலை அதிபர்களே அமர்ந்தால், சிறு தறிக்காரரின் கஷ்டத்தை எடுத்துரைப்பவர் யார்? அவற்றுள் ஒன்றையேனும் அவருக்கு ஒதுக்குவதே நியாயம். கொடுக்க இயலாத கூலியை எழுதிவைப்பதால் அவரிடம் வேலை செய்யும் தொழிலாளிக்கும் யாதொரு பயனுமில்லை.