இலங்கை இந்துக்களும் மணநீக்கச் சட்டமும்

இந்து தரும நூல்கள் விவாகத்தை ஒரு சமஸ்காரமாகவே கொண்டன. ஒப்பந்தம் முறிக்கத் தக்கது. சமஸ்காரம் அத்தகையதன்று என்பது அவற்றின் துணிபு. எனினும் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இவ்விடயத்திற் சற்றே வேறுபட்ட நோக்குடையது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வெறுப்பின் அவ்விருவர் வெறுப்பும் பிரிவுக்குக் காரணமாகலாம் என்றும், ஒருவர் வெறுப்பு மட்டும் போதாது என்றும் அந்நூல் விதித்தது. மேலானவையாகக் கருதப்பட்ட முதல் நான்கு வகை மணங்களுக்கு இவ்வுரிமையை அது வழங்கவில்லை. இலங்கையில் வாழும் இந்து ஒருவர் மணநீக்கம் வேண்டி நீதிமன்றை நாடும்போது தரும நூலோ அர்த்தசாஸ்திரமோ அவருக்குத் துணை வாரா. தேசவழமையும் துணை வாராது என்பதே பலர் அறியாதது.

யாழ்ப்பாணத்தார்க்கெனத் தனிச் சட்டம் உண்டாதலின் மணநீக்கமும் அதனுள் அடங்கும் என்று எண்ணுதல் இயல்பே. 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் முதலிய ஆதன உரிமைகளைப் பற்றியே பெரிதும் பேசுவது. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அவ்வழியே நின்றது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் கடல் கடந்து இங்கு வருவதில்லை. முஸ்லிம்களுக்கு 1951இலும், கண்டியச் சிங்களவர்க்கு 1952இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்துக்கள் ஏனையோரோடு ஒருங்கே 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டோர். அதன் வேர் உறோமன் ஒல்லாந்தச் சட்டத்தில் உள்ளது.

அச்சட்டம் மூன்று காரணங்களை மட்டுமே ஏற்றது. மணத்தின் பின் நிகழ்ந்த சோரம் ஒன்று. தீய எண்ணத்தோடு கைவிடுதல் மற்றொன்று. மணக்காலத்திலேயே இருந்த, தீர்க்கவியலாத ஆண்மைக்குறை அல்லது கூட்டுறவுக்கு இயலாமை மூன்றாவது. இவற்றுட் கடைசியானது அரிதாகவே வழக்கேறுவது. சோரத்தைக் காரணங் காட்டுவோர் அதிற் பங்குகொண்டவரையும் வழக்கிற் சேர்த்தல் வேண்டும். அதனால் ஊரறிய மூன்றாவது குடும்பமொன்றும் இழுபடும்.

எஞ்சுவது கைவிடுதல். இச்சொல்லை மேலெழுந்தவாரியாகப் பொருள் கொள்ளுதல் தவறு. தொழிலின் பொருட்டுக் கடல் கடந்து சென்று பணம் அனுப்பிவரும் கணவன் மனைவியைக் கைவிட்டவன் ஆகான். இல்வாழ்வை முடித்துவிடும் எண்ணத்தோடும் நியாயமான காரணமின்றியும் பிரிந்திருத்தலே கைவிடுதல். கணவனின் அடியும் வசையும் தாங்காது தாய்வீடு சென்ற பெண்ணோ எனின், வீட்டைவிட்டு நீங்கியவள் அவளேயாயினும், கைவிட்டவன் கணவன் என்றே சட்டம் கொள்ளும். துரத்தியவனே கைவிட்டவன் என்னும் இவ்விதி நுட்பமானது. கொடுமை என்பது தனிக் காரணமாகச் சொல்லப்படாத இச்சட்டத்திற் கொடுமைக்குட்பட்டோர் புகலடையும் வாயில் இதுவே.

இருவரும் இணங்கிப் பிரிதல் என்னும் காரணம் இங்கு இல்லை. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி மணந்த கண்டியர் இருவர் சம்மதத்தின் பேரில் மாவட்டப் பதிவாளரிடமே பிரிவு பெறலாம்; இந்துவுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. அதற்கு மாறாக, இருவரும் கூடிப் பேசி வழக்கைச் சோடித்தனர் என நீதிமன்று காணின் வழக்குத் தள்ளப்படும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைக்கு 1977இற் செய்யப்பட்ட திருத்தம், ஏழாண்டு பிரிந்து வாழ்ந்தோர் மணநீக்கத்துக்கு விண்ணப்பிக்க இடந்தந்தபோது, குற்றம் யாருடையது என்னும் வினா ஒழிந்ததெனச் சிலர் கருதினர். 1986இல் உயர் நீதிமன்றம் அக்கருத்தை மறுத்து, குற்றம் நிறுவப்படல் வேண்டும் என்றது. அதன் விளைவாக, மனமொத்துப் பிரிய விழைவோருள்ளும் ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டியுள்ளது. இது சட்டத்துக்கும் பெருமை தருவதன்று. குடும்பத்துக்கும் நன்மை தருவதன்று.

வழக்காளி தாம் வதியும் இடத்து மாவட்ட நீதிமன்றில் வழக்கிடல் வேண்டும். முதலில் மணம் நிகழ்ந்ததென்பதை நிறுவவேண்டும். பதிவுச் சான்று இருப்பின் அது எளிது. பதியாது தாலி கட்டிக் கூறை கொடுத்து நிகழ்ந்த மணமாயின், கிரியை செய்த குருக்களும் சபையில் இருந்த உறவினரும் சாட்சி கூறவேண்டி நேரும். எதிராளிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கப்படும். அவர் மறுமொழி அளித்து வழக்காடலாம். அவர் வாராதொழியினும் மணநீக்கம் தானே கிடைத்துவிடாது. வழக்காளி கூண்டேறித் தம் காரணத்தை நிறுவியே ஆகவேண்டும். நிறுவினால் முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை பிறக்கும். மூன்று மாதத்துக்குக் குறையாத காலம் கழிந்தபின்னரே அது முற்றான தீர்ப்பாணை ஆகும். அவ்விடைக்காலத்தில் அவர்கள் இன்னும் கணவன் மனைவியரே. வேறு மணம் செய்யின் அது செல்லாது.

ஊர்ப் பெரியோர் முன்னிலையிலோ நொத்தாரிசு முன்னிலையிலோ பிரிவுப் பத்திரம் எழுதிக் கைச்சாத்திட்டு, அதனையே மணநீக்கமாகக் கருதி வேறு மணம் புகுவோர் உளர். தகுதியுடைய நீதிமன்றின் தீர்ப்பாலன்றி, இருவர் வாழ்நாளில் எம்மணமும் நீங்காது என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. பதியாத மணத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் தண்டனைக்குரிய குற்றம் புரிந்தவர் ஆவர். அவரை நம்பி வந்த பெண் மனைவி என்னும் நிலையையே இழப்பாள். முதல் மணம் நிலைத்திருக்க, இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் மணம் செய்யும் வழியையும் 1998இல் உயர் நீதிமன்றம் அடைத்துவிட்டது.

பிள்ளைகளை யார் வைத்திருப்பது, தாபரிப்பு எவ்வளவு என்பனவற்றையும் மாவட்ட நீதிமன்றே தீர்மானிக்கும். மணநீக்கம் நாடாமலே தாபரிப்பு மட்டும் வேண்டுவோர் 1999ஆம் ஆண்டுத் தாபரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றிற் கேட்கலாம்.

ஆதனத்திலோ தேசவழமை மீண்டும் முன்வருகின்றது. அதற்குட்பட்ட மனைவி, சீதனக் காணி தன்னுடையதாயினும், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. கணவன் கைவிட்டுச் சென்று ஆண்டுகள் பல கழிந்தும் காணியை ஆள முடியாது தவிக்கும் பெண்கள் இதனாலேயே மணநீக்கத்தை நாடுவதுண்டு. ஆயின் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்கு வேறு வழி காட்டியுள்ளது. கணவன் கைவிட்டவனாயினும், இருப்பிடம் அறியப்படாதவனாயினும், நியாயமின்றிச் சம்மதம் மறுப்பவனாயினும், மனைவி மாவட்ட நீதிமன்றில் விண்ணப்பித்து அச்சம்மதத்துக்கு ஈடான அதிகாரத்தைப் பெறலாம். இதற்கு மணநீக்க வழக்கு வேண்டப்படுவதில்லை.