'பட்டாம்பூச்சி விளைவு' லாரன்ஸ்: 10 ஆண்டுகள் தூங்கிய கட்டுரை 20,000 மேற்கோள்களைத் தாண்டியது எப்படி?

பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் அமெரிக்காவின் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா? 'தசாவதாரம்' படம் பார்த்தவர்களுக்கு 'பட்டாம்பூச்சி விளைவு' புதுசு இல்லை. இந்தக் கேள்வியைப் பிரபலமாக்கியவர் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை விஞ்ஞானி. அதற்கு அடிப்படையாக அவர் 1963-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதுவரை 20,000 முறைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால், வெளிவந்து 10 ஆண்டுகள் வரை அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை!

யார் இந்த லாரன்ஸ்?

1917-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். டார்ட்மத், ஹார்வர்டு கல்வி நிறுவனங்களில் படித்தது கணிதம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்துக்கு வானிலை கணித்துத் தரும் வேலையில் சேர்ந்தார். போர் முடிந்த பிறகு வானிலையியலே அவரது துறையாகிவிட்டது. எம்.ஐ.டி.-யில் பேராசிரியரானார்.

1961-ல் என்ன நடந்தது?

லாரன்ஸின் அறையில் எல்.ஜி.பி.-30 என்ற மேஜை அளவு கணினி இருந்தது. 12 சமன்பாடுகளைக் கொண்டு அதில் ஒரு மாதிரி வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள், பழைய கணக்கின் ஒரு பகுதியை மறுபடி பார்க்க நினைத்து, ஏற்கெனவே அச்சாகியிருந்த எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கணினி சுமார் 2 மாத வானிலையைக் கணித்திருந்தது. ஆனால், அது பழைய முடிவோடு ஒத்தே போகவில்லை.

மெஷின் ரிப்பேரா? இல்லை. கணினியின் நினைவில் இருந்த எண் 0.506127. தாளில் அச்சானது 0.506. விட்டுப்போனது வெறும் 0.000127. அந்தச் சின்ன வித்தியாசம் மாதிரி வானிலையில் ஏறக்குறைய 4 நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, கடைசியில் மொத்தக் கணிப்பையும் மாற்றிவிட்டது.

வெப்பநிலையையும் காற்றையும் துல்லியமாக அளந்தால் எத்தனை நாள் வானிலையையும் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி. எந்தக் கருவியாலும் நூறு சதவீதம் துல்லியமாக அளக்க முடியாதே! அன்றன்றைய வானிலையைச் சுமார் 2 வாரங்களுக்கு மேல் கணிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கான அடிப்படைக் காரணம் இதுதான்.

அப்புறம் ஏன் யாரும் கவனிக்கவில்லை?

3 சமன்பாடுகள் மட்டுமே கொண்ட எளிய மாதிரியை வைத்து, 1963-ல் வானிலையியல் இதழ் ஒன்றில் கட்டுரையை வெளியிட்டார் லாரன்ஸ். கணிதவியலாளர்களும் இயற்பியலாளர்களும் அந்த இதழைப் புரட்டுவதே அபூர்வம். முதல் 10 ஆண்டுகளில் வானிலைத் துறைக்கு வெளியே அதை மேற்கோள் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1972-ல் பட்டாம்பூச்சித் தலைப்பில் அவர் உரை நிகழ்த்தினார். அந்தத் தலைப்பைக்கூட வைத்தது அவர் இல்லை, நிகழ்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் மெரிலீஸ். அதே காலகட்டத்தில் மேரிலாந்து பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஜேம்ஸ் யார்க் கையில் கட்டுரை கிடைத்தது. 1975-ல் அவரும் டியன்-யென் லீயும் எழுதிய கட்டுரையில்தான் 'கேயாஸ்' என்ற சொல் கணிதத்துக்குள் வந்தது. அதன் பிறகு இயற்பியல், உயிரியல், பொருளாதாரம் என எல்லாத் துறைகளும் லாரன்ஸைத் தேட ஆரம்பித்தன. 1983-ல் கிராஃபோர்டு பரிசு, 1991-ல் கியோட்டோ பரிசு என விருதுகளும் வந்தன. 2008-ல் தனது 90-வது வயதில் அவர் காலமானார்.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது?

ஓர் ஆய்வை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். இதை வைத்து வரும் அளவுகோல்களில் பிரபலமானது 'ஹெச்-இண்டெக்ஸ்'. ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் பெற்றால் அவரது ஹெச்-இண்டெக்ஸ் 10. இதழ்களுக்கான 'இம்பாக்ட் ஃபேக்டர்', முந்தைய 2 ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே கணக்கில் எடுக்கும்.

வேலை, பதவி உயர்வு, நிதி எனப் பலவற்றில் இந்த எண்கள் பார்க்கப்படுகின்றன. 2 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லாரன்ஸின் கட்டுரை ஒரு தோல்வி!

இன்னொரு விஷயமும் இந்த எண்ணிக்கையில் தெரியாது. லாரன்ஸுக்குக் கணினி நிரல் எழுதியவர்கள் மார்கரெட் ஹாமில்டன், அவருக்குப் பின் வந்த எல்லென் ஃபெட்டர் என்ற இரண்டு இளம் பெண்கள். ஹாமில்டன் பிறகு அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கணக்கீடுகளைச் செய்த ஃபெட்டருக்குக் கட்டுரையின் இறுதியில் ஒரு நன்றி மட்டும்தான். 20,000 மேற்கோள்களும் லாரன்ஸ் என்ற ஒரே பெயரில்தான் சேர்கின்றன.

இன்று எங்கே பயன்படுகிறது?

1992 முதல் ஐரோப்பிய, அமெரிக்க வானிலை மையங்கள் ஒரே கணிப்போடு நிற்பதில்லை. ஆரம்ப எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல கணிப்புகளை ஓட்டுகின்றன. எல்லாம் ஒரே பக்கம் போனால் நம்பிக்கை அதிகம். சிதறினால் எச்சரிக்கை தேவை. 'மழைக்கு 70 சதவீதம் வாய்ப்பு' என்று சொல்லவும், ஒரு புயல் எந்தெந்தப் பாதைகளில் போகலாம் என்று முன்கூட்டியே பார்க்கவும் இந்த முறை உதவுகிறது. இப்படி வரும் ஒவ்வொரு எச்சரிக்கையிலும் லாரன்ஸின் ஆய்வுக்குப் பங்கு இருக்கிறது. அதை எந்த மேற்கோள் பட்டியலும் கணக்கில் சேர்ப்பதில்லை.