பென்டிரைவைப் பிடுங்கலாமா?



ஜாசின் பக்கத்துத் தோட்டமானாலும் அலோர் காஜா பட்டணமானாலும், படிக்கும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் பென்டிரைவ் புழங்குகிறது. விரல் அளவுள்ள இப்பொருளை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தவர்களுள் ஒருவர் நம் அண்டை நாட்டார்தாம். சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘தம்ப்டிரைவ்’ என்னும் பெயரில் அதை வெளியிட்டது.

ஒருநாள் மாலை, வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்தோம். பஸ் வந்துவிட்டதே என்ற அவசரத்தில் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் அந்தக் கோப்பு திறக்கவே இல்லை. விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாக எடுத்து மறுபடியும் முதலிலிருந்து எழுதினோம்.

தவறு எங்கே நேர்ந்தது? நாம் சேமித்ததைக் கணினி உடனே பென்டிரைவில் எழுதிவிடுவதில்லை. சிறிது நேரம் தன் நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு எழுதுவதும் உண்டு. கணினிக்கும் பென்டிரைவுக்கும் நடுவே நின்று இவ்வேலையை நடத்தும் நிரலுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். லாரி ஓட்டுபவரை நினைத்துக்கொள்ள வேண்டாம்!

தோட்டத்து ஆற்றில் ஒரு மரப்பாலம். அதைக் கழற்ற வேண்டும். மண்டோர் எட்டிப் பார்க்கிறார். பாலத்தில் ஆள் இல்லை. கோடரி எடுக்கத் திரும்புகிறார். அந்த ஒரு நொடியில் பால் வாளியோடு ஒருவர் பாலத்தில் ஏறிவிடுகிறார். மண்டோர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் பார்த்ததற்கும் வெட்டியதற்கும் இடையில் நிலைமை மாறிவிட்டது. இரு வேலைகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் இத்தகைய பிழையைப் பந்தயப் பிழை எனலாம்.

டிரைவரிலும் இதுவே நடக்கும். பென்டிரைவ் போய்விட்டதென்று அதற்கு ஒதுக்கிய நினைவக இடத்தை டிரைவர் காலி செய்யும். அந்த இடம் வேறொரு வேலைக்குப் போய்விடும். பாதியில் நின்ற பழைய வேலை பிந்தி வந்து அதே இடத்தில் எழுதினால் கணக்கு குழம்பும்; கணினியே நின்றுபோகவும் கூடும்.

இதற்கு நிரல் எழுதுவோர் கண்ட வழி என்ன? முதலில் பாலத்தின் வாயிலில் தடுப்புப் போடுவது. புதியவர் ஏற முடியாது. அடுத்து, ஏற்கெனவே ஏறியவர்களை எண்ணுவது. ஒருவர் இறங்கினால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். எண்ணிக்கை சுழியம் ஆன பிறகே கழற்றுவது. தடுப்பைப் பார்த்து ஏறுவதும் எண்ணிக்கையில் சேர்வதும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். நடுவே எவரும் நுழையக்கூடாது. வெள்ளம் பாலத்தை அடித்துப் போவதுபோல் பென்டிரைவ் திடீரெனப் பிடுங்கப்பட்டால், காத்திருக்கும் வேலைகளுக்கெல்லாம் ‘பாலம் இல்லை, திரும்புங்கள்’ என்று சொல்லி அனுப்ப வேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் இத்தகைய பிழைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு வந்திருக்கின்றன.

ஆனால் ஒன்று. டிரைவர் எவ்வளவு திருந்தினாலும் கணினி நிற்காமல் காக்குமே தவிர, பாதி எழுதிய பாடத்தை முழுதாக்கித் தராது. ஆகவே பெற்றோர்களே, பென்டிரைவை எடுக்குமுன் அதை வெளியேற்றும் கட்டளையைக் கணினிக்குக் கொடுத்து, எடுக்கலாம் என்ற பதில் வரும்வரை பொறுத்திருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அரை நிமிடப் பொறுமை ஒரு நாள் உழைப்பைக் காக்கும்.