அடைபட்ட குழுவை நடத்தும் முறை: சான் ஹோசே சுரங்கத்தின் அனுபவம்

வெள்ளத்தாலோ, புயலாலோ, மண்சரிவாலோ மக்கள் கூட்டம் ஒன்று வெளியுலகத் தொடர்பை இழந்து நிற்கும்போது, அதனை நடத்திச் செல்லும் பொறுப்பு அதற்கென்று முன்கூட்டியே நியமிக்கப்பெற்ற ஒருவரிடம் வந்து சேர்வது அரிது. அவ்விடத்தில் அப்போது இருப்பவர் எவரோ, அவர் பள்ளி ஆசிரியராயினும், களப்பணி ஊழியராயினும், வேலைத்தலத்து மேஸ்திரியாயினும், அவர் தலையிலேயே அது விழுகின்றது. இத்தகைய தலைமை எவ்வாறு இயங்கிற்று என்பதை விரிவாக அறியக்கூடிய நிகழ்ச்சிகளுள், தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 2010-ஆம் ஆண்டு 33 பேர் 69 நாட்கள் நிலத்தடியில் அடைபட்டிருந்தது முக்கியமானதாகும்.

சான் ஹோசே என்னும் அச்சுரங்கம் அட்டகாமா பாலைவனத்தில், கொப்பியாப்போ நகருக்கு அருகில் உள்ளது. செம்பும் பொன்னும் எடுக்கப்பட்டுவந்த, நூறாண்டிற்கு மேற்பட்ட பழைய சுரங்கம். அதனுள் சரிவுப்பாதை ஒன்று திருகுபோல் வளைந்து அடிவரை இறங்குகின்றது. ஆகஸ்டு 5-ஆம் நாள் பிற்பகல் மாபெரும் பாறைத்திரள் ஒன்று சரிந்து அப்பாதையை முற்றிலும் அடைத்துவிட்டது. காற்றோட்டத்திற்காக வெட்டப்பட்ட செங்குத்துத் துளையின் வழியே மேலேற முயன்றவர்கள், இருக்கவேண்டிய ஏணி பாதியோடு நின்றிருக்கக் கண்டு திரும்பினர். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் ஆழத்தில் புகலறை ஒன்று இருந்தது. ஆபத்துக் காலத்திற்கென அதில் வைக்கப்பட்டிருந்த உணவோ, இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் காணாது.

அன்று அம்முறை வேலைக்குத் தலைவராயிருந்தவர் லூயிஸ் உர்சுவா என்பவர், வயது 54, நில அளவையில் பயிற்சி உடையவர். அவரும் வேறு சிலரும் வெளியேறும் வழியைத் தேடச் சென்றிருந்த வேளையில், பசி தாங்காத சிலர் உணவுப் பெட்டியை உடைத்து, பிஸ்கோத்துகளையும் பாலையும் எடுத்து உண்டுவிட்டனர். இந்நிகழ்ச்சியை மறைத்துவிட்டு எழுதப்படும் வீர வரலாறுகளால் பயனில்லை. ஒழுங்கு என்பது அக்குழுவிடம் முதல் நாளிலேயே அமைந்திருந்த ஒன்றன்று. அது பின்னர் உண்டாக்கப்பட்டது. உர்சுவா தம் பதவிக்கு அடையாளமான வெள்ளைத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இனி மேலதிகாரி என்றும் தொழிலாளி என்றும் வேற்றுமை இல்லை, எல்லோரும் சமமே என்று கூறினார். இதனைப் பொறுப்பைத் தட்டிக்கழித்த செயலாகக் கருதியோரும் உண்டு. ஆயினும், அவர் துறந்தது கட்டளையிடும் உரிமையையே அன்றிக் கணக்கு வைக்கும் கடமையை அன்று என்பது பின்னர் நடந்தவற்றால் விளங்கும்.

உணவு முழுவதும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு எண்ணப்பட்டது. டப்பாவில் அடைத்த சூரை மீன் சில, கொஞ்சம் பால், பிஸ்கோத்து, இவையே இருந்தவை. ஒருவருக்கு இரண்டு தேக்கரண்டி மீன், அரைக் குவளை பால், ஒரு பிஸ்கோத்து என்று அளவு வகுக்கப்பட்டது. விரைவில் இந்த வேளை உணவு 48 மணி நேரத்திற்கு ஒரு முறையே கொடுக்கப்படலாயிற்று. எல்லோர்முன்னும் அளந்து வைத்து, 33 பேருக்கும் பங்கு சென்றடைந்த பின்னரே யாவரும் ஒருசேர உண்டனர்.

உடலியல் நோக்கில் இவ்வளவு உணவால் விளையக்கூடிய நன்மை மிகக் குறைவு. ஓய்ந்திருக்கும் வளர்ந்த ஆணுக்கும் நாளொன்றுக்கு 1500 கலோரிக்கு மேல் தேவைப்படுகின்றது. மேற்சொன்ன பங்கு இருநூறு கலோரியை எட்டுவதும் அரிது. பட்டினி கிடப்பவனுடைய ஈரலில் சேமித்துவைக்கப்பட்டுள்ள சர்க்கரைப் பொருள் ஏறத்தாழ ஒரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் உடல் தன் கொழுப்பையும் தசையையுமே எரிபொருளாகக் கொள்ளும். நல்ல உடல்நிலையில் உள்ளவன், தண்ணீர் மட்டும் கிடைக்குமாயின், சில வாரங்கள் இவ்வாறு உயிர்வாழ இயலும். சுரங்கத்தில் துளையிடும் பொறிகளுக்கென வைத்திருந்த தொட்டி நீர், எண்ணெய் நாற்றம் உடையதாயினும், போதுமான அளவு இருந்தது. 30 பாகை சென்டிகிரேடைத் தாண்டிய வெப்பத்தில் வியர்த்துக் கிடந்தவர்களை உண்மையில் காத்தது அந்த நீரே. அப்படியானால் பங்கீட்டின் பயன் யாது? எவனும் தன்னை ஏமாற்றவில்லை என்று ஒவ்வொருவனும் கண்ணால் கண்டு தெளிந்தமையே அதன் பயன். அந்நம்பிக்கை குலைந்திருந்தால், வலியவர் சிலர் எஞ்சியதைக் கவர்ந்துகொள்ள, மற்றவர் அவர்களோடு மோதியிருப்பர்.

புயற்காப்பிடமாக மாறிய பள்ளிக்கூடத்திற்கும் இது பொருந்தும். ஆட்களின் தொகை, அரிசியின் அளவு, குடிநீர்க் குடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் திருத்திவைத்தல் நலம். பங்கிடுபவர் தம் பங்கைக் கடைசியில் எடுத்துக்கொள்ளல் வேண்டும். கையிருப்பு குறைவு என்று தெரிந்தால் மக்கள் கலவரமடைவர் எனக் கருதி அதனை மறைப்பது பெரும் பிழை; மறைத்த செய்தி அரை நாளுக்குள் வதந்தியாகி, உள்ளதைவிடப் பன்மடங்கு கொடியதாகப் பரவும்.

இரவும் பகலும் தெரியாத இருளில் உடலின் உறக்க ஒழுங்கு விரைவில் சிதைந்துவிடும். ஆதலின், உள்ளே அகப்பட்டிருந்த வண்டிகளின் விளக்குகளைக் குறித்த நேரங்களில் ஏற்றியும் அணைத்தும், பகல் போன்ற ஒன்றை அவர்கள் அமைத்துக்கொண்டனர். தலைவிளக்குகளுக்கு வண்டிகளின் பாட்டரியிலிருந்தே மின்னூட்டம் தரப்பட்டது. உர்சுவா தம் நில அளவைப் பயிற்சியைக்கொண்டு, தாங்கள் நடமாடக்கூடிய பகுதிகளுக்கு வரைபடம் வரைந்தார். முக்கியமான முடிவுகள் வாக்கெடுப்பால் செய்யப்பட்டன. 17 பேர் இசைந்தால் அது முடிவு. தலைமைப் பணி முழுவதும் ஒருவரிடமே தங்கியிருக்கவும் இல்லை. மரியோ செபுல்வேதா தம் ஊக்கம் மிகுந்த பேச்சால் மனந்தளர்ந்தோரை எழுப்பினார். ஹோசே என்ரிக்கெஸ் நாள்தோறும் வழிபாட்டை நடத்தினார். சிறிது மருத்துவப் பழக்கம் உடைய யோனி பாரியோஸ் உடல்நலத்தைக் கவனித்தார். அமைதியான இயல்புள்ள தலைவர், தம்மிடம் இல்லாத திறன் வேறொருவரிடம் தோன்றும்போது அதற்கு இடம் விட்டு நிற்பது எளிய செயலன்று.

பதினேழாம் நாளாகிய ஆகஸ்டு 22-ஆம் நாள், மேலிருந்து துளையிட்டுவந்த கருவி ஒன்று புகலறையின் அருகே வெளிப்பட்டது. அதற்கு முன் பல துளைகள் குறி தவறிச் சென்றிருந்தன. அடைபட்டோர் கருவியின் முனையில் சிவப்பு வண்ணம் பூசி, 33 பேரும் நலம் என்று எழுதிய தாளைக் கட்டி அனுப்பினர்.

பசித்தவனுக்கு உடனே வயிறார உணவளிப்பதே அன்பு எனத் தோன்றும். ஆனால் நெடும் பட்டினிக்குப்பின் மாவுப்பொருளை மிகுதியாக உண்டால் உடலில் இன்சுலின் திடீரெனச் சுரந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துவிடுகின்றது. இரத்தத்தில் இவை குறைவதால் இதயம் செயலிழந்து மரணம் நேரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் இவ்வாறே உணவு கிடைத்த பின்னர் இறந்தமை மருத்துவர்களுக்குப் பாடமாயிற்று. எனவே சிலியில் முதலில் குளுகோஸ் கரைசலே சிறிதளவு இறக்கப்பட்டு, பிறகு படிப்படியாக உணவு கூட்டப்பட்டது. வெள்ளத்தில் பல நாள் பட்டினி கிடந்தோரை அடையும் ஊழியர்களும் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எதிர்பார்ப்பிற்கு மாறாக, தொடர்பு கிடைத்த பின்னரே குழுவிற்குள் பிணக்குகள் மிகுந்தன. உயிருக்கு அஞ்சிய நாட்களில் ஒன்றாயிருந்தோர், உணவும் கடிதங்களும் வந்தபின் சிறு காரியங்களுக்கு மனம் வேறுபட்டனர். மனநல வல்லுநர்கள் குடும்பத்தார் கடிதங்களைச் சோதித்து அனுப்பியதை அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். மீட்புக்குச் சில மாதங்கள் ஆகலாம் என்பதைச் சொல்லலாமா என்று மேலே இருந்தோர் தயங்கினர். சொல்லப்பட்டபோது, அடைபட்டோர் அதனை நிதானமாகவே ஏற்றனர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவிலிருந்து இரு மருத்துவர்கள், ஓர் உளவியலார், ஒரு பொறியியலார் ஆகியோர் வந்து ஆலோசனை கூறினர். வேலையே சிறந்த மருந்தாயிற்று எனலாம். மூன்று பிரிவுகளாகி, முறைவைத்துப் பொருள்களைப் பெறுதல், காற்றைச் சோதித்தல் முதலியவற்றைச் செய்தனர். மீட்புத் துளையை அகலப்படுத்துகையில் கீழே கொட்டிய கற்குவியலை இடைவிடாது அகற்றியவர்களும் அவர்களே.

இந்தியாவில் 2023 நவம்பர் 12-ஆம் நாள் உத்தரகண்டத்தின் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் அடைபட்டபோதும் ஏறக்குறைய இதே முறைகள் காணப்பட்டன. அங்கு மின்விளக்கும் நீரும், நடப்பதற்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமும் இருந்தமை பெரும் பேறு. அனுபவம் மிக்க மேற்பார்வையாளர்கள் இளையோரை நாள்தோறும் நடக்கவும் யோகப் பயிற்சி செய்யவும் தூண்டினர். குழாய் வழியே வந்த உலர்ந்த உணவை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர்.

சிலியில் அக்டோபர் 13-ஆம் நாள் தொடக்கத்தில், 54 சென்டிமீட்டர் அகலமே உள்ள கூண்டு ஒன்றின் மூலம் வெளியேற்றம் தொடங்கிற்று. உடலுறுதியும் கருவிப் பழக்கமும் உள்ள சிலர் முதலில் அனுப்பப்பட்டனர். கூண்டு வழியில் பழுதுபட்டால் அவர்களே நிலைமையைச் சமாளித்து மேலே தெரிவிக்க வல்லவர். அடுத்து நோயுற்றவர்களும் முதியவர்களும். 63 வயதான மரியோ கோமெஸ் இவர்களுள் ஒருவர். குறைந்துகொண்டே வரும் கூட்டத்தில் காத்திருக்கும் மனத்திண்மை உடையோர் பின்னர். அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன்பு, 33-ஆவது ஆளாக உர்சுவா மேலே வந்து, தம் முறை வேலையை ஒப்படைப்பதாக நாட்டின் அதிபரிடம் கூறினார். உதவிக்கென இறங்கியிருந்த மீட்பாளர் அறுவரும் அவருக்குப் பின்னரே ஒருவர்பின் ஒருவராக ஏறினர்.