‘ஆர்’ போட வேண்டிய இடத்துல ‘வேர்’ போட்டேன்

இன்னைக்கு எபிசோட் இங்கிலீஷ் கிராமர் பத்தி. ஓடிடாதீங்க, ஸ்கூல்ல மாதிரி டேபிள் எல்லாம் போட மாட்டேன். ஒரே ஒரு வார்த்தையால நான் மாட்டின கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். ராத்திரி ஆன்-கால் ட்யூட்டி. ஒரு ரிலீஸ் போன கொஞ்ச நேரத்துல பேமென்ட் எல்லாம் ஃபெயில் ஆகுது. உடனே வெளிநாட்டு டீமுக்கு மெசேஜ் போட்டேன்: “ஐ செக்ட் த லாக்ஸ். பேமென்ட்ஸ் வேர் ஃபெயிலிங்.” அவங்க ஒரு தம்ஸ்-அப் போட்டாங்க. சரி, பார்க்கிறாங்கன்னு நினைச்சு நான் காத்திருந்தேன். 40 நிமிஷம் கழிச்சுக் கூப்பிட்டுக் கேட்டால், யாருமே பார்க்கலை. ‘ஃபெயில் ஆகிட்டு இருந்துச்சு, இப்போ சரியாயிடுச்சு’ன்னு எடுத்துக்கிட்டாங்களாம்.

நான் எழுதினதுல கிராமர் தப்பு எதுவும் இல்லை. அதுதான் வில்லங்கமே. லாக் பார்த்தது முடிஞ்சுபோன வேலை, அதனால ‘செக்ட்’ சரி. அந்த வேகத்துல அடுத்த வாக்கியத்தையும் பாஸ்ட்ல போட்டுட்டேன். ஆனா பேமென்ட் பிரச்சினை முடியலையே! “ஆர் ஸ்டில் ஃபெயிலிங்”னு எழுதியிருக்கணும்.

அன்னையிலிருந்து நான் என்னையே கேட்டுக்கிற கேள்வி இதுதான்: நான் இதை எப்போ பார்த்தேன்ங்கிறது இல்லை, இது இப்பவும் உண்மையா? உண்மைன்னா பிரசென்ட். நேத்து மீட்டிங்ல ஒருத்தர் சொன்ன விஷயம் இன்னைக்கும் அப்படியேதான் இருக்குன்னா, “ஷி செட் த லிமிட் இஸ் 100”. இங்கே ‘வாஸ்’ போட்டாலும் இலக்கணப்படி தப்பில்லை. ஆனா கேட்கிறவருக்கு ‘அப்போ இப்ப மாறிடுச்சா?’ன்னு சந்தேகம் வரலாம்.

இன்னும் இரண்டு இடத்துல நம்ம தமிழ் நம்மளை இழுத்து விடும்.

ஒண்ணு, “2021-லேருந்து இங்கே வேலை பார்க்கிறேன்.” தமிழ்ல பிரசென்ட் போதும். அதையே அப்படியே மாத்தி “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021”னு சொல்றோம். அப்போ ஆரம்பிச்சு இப்பவும் தொடருதுன்னு காட்ட இங்கிலீஷ்ல “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்” வேணும். பயந்து போய் “ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்”னு இன்டர்வியூல சொன்னீங்கன்னா, வேலையை விட்டுட்டீங்கன்னு அர்த்தமாயிடும்.

இரண்டாவது, “நேத்தே முடிச்சிட்டேன்.” இந்த ‘இட்டேன்’ நேத்தோடயும் ஒத்துப்போகும், இப்போவோடயும் ஒத்துப்போகும். ஆனா இங்கிலீஷ் ‘ஹேவ் ஃபினிஷ்ட்’ பேச்சை இப்போவோட கட்டிப்போடுது. அதனால பக்கத்துல ‘யெஸ்டர்டே’ உட்காராது. நாள் சொல்லணும்னா “ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே”. நாள் முக்கியமில்லை, வேலை கையில ரெடின்னு சொல்லணும்னா “ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட்”.

இன்னைக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். நீங்க கடைசியா அனுப்பின ஸ்டேட்டஸ் அப்டேட்டை எடுத்துப் பாருங்க. உங்களைத் தெரியாத ஒருத்தர் அதைப் படிச்சா, எது முடிஞ்சது, எது இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னு அவருக்குப் புரியுமா? புரியாதுன்னா, முதல்ல வினைச்சொல்லை மாத்துங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!